வளையம் இருந்த இடம்

குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவள் நான். பனியன் கம்பெனியில் செக்கிங் என்றால் அதுதான் வேலை. தைத்து முடித்த பீஸ்கள் மேஜைக்கு வரும். டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். விரல் நகத்தளவு ஸ்டிக்கர்தான். அது ஒட்டியிருந்தால் அந்தப் பீஸ் பாஸாகாது. இருபத்தாறு வருடம் இதைச் செய்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று எனக்குப் பெயர். டெய்லர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை என்னவெல்லாம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. கல்யாண வீட்டில் பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி எதிரே வந்தால், என் கண் முதலில் அவள் ஜாக்கெட்டின் கைத் தையலுக்குத்தான் போகும்.

அந்த வேலையை ஒரு வெள்ளை டீசர்ட் ஆர்டரில் விட்டேன். துணியிலேயே சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. நான் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிய பீஸ்களை மேனேஜர் தனியாக எடுத்துக்கொண்டு போய், ஊசியில் வெள்ளை நூல் கோத்து ஓட்டைகளை மூடச் சொல்லி, திரும்ப என் மேஜைக்கே அனுப்பினார். ஸ்டிக்கரை எடுத்துவிட்டு நல்ல பீஸ்களோடு சேர்த்துப் பெட்டி போட்டு, ஆர்டர் கொடுத்த பையருக்கு அனுப்பச் சொன்னார்.

“ரெண்டு தடவ துவைச்சா பிரிஞ்சுருங்க. செகண்ட்ஸுன்னு சொல்லி வித்துருங்க, தப்பில்லீங்க. நல்ல பீஸுன்னு நான் பாஸ் போட மாட்டனுங்க” என்றேன்.

“பையருக்குத் தெரியாதுங்கம்மா.”

“எனக்குத் தெரியுமுங்களே.”

“அப்ப நீங்க ஊட்ல உக்காந்து செக் பண்ணிக்குங்க” என்றார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பைக்குள் பாதி தீர்ந்த ஸ்டிக்கர் அட்டை ஒன்றும் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்று நாள் எரிச்சலோடு வீட்டில் இருந்தேன். நான்காம் நாள் முடிவு செய்துவிட்டேன். திருப்பூர் நல்லூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு ஷெட் காலியாக இருந்தது. சின்னக் கம்பெனிகளில் செக்கிங்குக்கு என்று தனியாக ஆள் வைத்துக்கொள்ள முடியாது. அவர்களுடைய பீஸ்களை வாங்கிப் பார்த்துக் கொடுக்கலாம். என்னோடு வேலை பார்த்த நான்கு பெண்கள், “அக்கா, நீங்க ஆரம்பிச்சா நாங்க வந்தர்றமுங்க” என்றார்கள். நான்கு பேருக்கு நான்கு மேஜை, நான்கு டியூப் லைட். ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சேமிப்பு இருந்தது. மேஜைகளுக்கு இல்லை. யாரிடமும் போய் நிற்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். அப்போதுதான் பீரோவில் இருந்த காசு ஞாபகத்துக்கு வந்தது.

அது என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பவுன் காசு. எட்டு கிராமை நாம் பவுன் என்று சொல்வதே அந்தக் காசின் எடையை வைத்துத்தான். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரை மேல் இருக்கும் ஒருவன் காலடியில் கிடக்கும் பாம்பு போன்ற ஏதோ ஒன்றைக் குத்துகிறான். நான் பிறந்த சேவூரில் எங்கள் தோட்டத்து வீட்டில் எல்லோரும் அவனைக் கருப்பராயன் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். வெள்ளைக்காரன் எதற்கு நம்ம சாமியைக் காசில் அடித்தான் என்று யாரும் கேட்டதில்லை. அப்பா மஞ்சள் விற்ற வருடத்தில் அதை வாங்கி வைத்திருந்தாராம். கல்யாணத்துக்கு முன்னால் ஆசாரியிடம் கொடுத்து, ராஜாவின் தலைக்கு நேர் மேலே ஒரு வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோத்துக் கொடுத்தார்.

“காசாக் குடுத்தா ஒரு நாளைக்குச் செலவாயிருங் கண்ணு. நகையாக் குடுத்தாத்தான் நிக்கும்” என்றார். எங்கள் பக்கத்தில் எல்லா அப்பன்மாருக்கும் இருக்கிற கணக்கு அது. வெறும் காசைக் கையில் கொடுத்தால் சபையில் மதிப்பில்லை. கழுத்தில் ஏறினால்தான் அது சீர். அப்பா நினைத்தபடியே அது நின்றது. விசேஷத்துக்கு மட்டும் போட்டுக்கொள்வேன். மற்ற நாளெல்லாம் பீரோவில் பஞ்சுக்குள் சுற்றி வைத்திருப்பேன். அதனால் அவ்வளவாகத் தேயவில்லை.

நகைக்கடையில் போட்டால் தங்கத்தின் விலை கிடைக்கும். இரண்டு மேஜைக்கு ஆகும். மற்ற இரண்டுக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் செல்போனை நீட்டினார். அவர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வீடியோ பார்க்கக்கூடாது என்பதால் வீட்டில் சேர்த்து வைத்துப் பார்ப்பார். பழைய காசு இருந்தால் கோடீஸ்வரர் ஆகலாம் என்று ஒருவன் அதில் கத்திக்கொண்டிருந்தான்.

“இவன் ஊரை ஏமாத்தறானுங்க” என்றேன்.

“அவன உடு புள்ள. உன்ற காசுல குதிரைக்குக் கீழ ஒரு எழுத்து இருக்குதா பாரு” என்றார்.

இருந்தது. கடுகளவு ஒரே ஒரு எழுத்து. எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்த காசு என்று அதை வைத்துத்தான் சொல்வார்களாம். வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவர் ஒருவர் மூலமாகக் கோயமுத்தூரில் பழைய காசு வாங்கி விற்கும் ஒருவரின் நம்பர் கிடைத்தது. காசைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். எடுக்கும்போது என் பெருவிரல் தானாகவே வளையத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. தானாகவே என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இல்லை. வைத்துத்தான் எடுத்தேன்.

அவர் கூப்பிட்டார். “எழுத்து நல்லாத் தெரியுதுங்க. இந்தக் கண்டிசன்ல இருந்தா தங்கத்துக்கு மேல நல்ல வெல கெடைக்குமுங்க. வளையம் கிளையம் பத்த வெச்சதில்லீங்களே?”

“இல்லீங்க” என்றேன்.

“அப்படின்னா ஞாயித்துக்கிழமை இங்க ஒரு கல்யாண மண்டபத்துல காசுக் கண்காட்சி இருக்குதுங்க. அங்கயே கொண்டாங்க.”

போனை வைத்ததும் வீட்டுக்காரர் என் கையைப் பார்த்தார். “வளையத்தக் கையில புடிச்சுட்டே இல்லீங்கறயே புள்ள?”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள இருக்காதுங்க” என்றேன்.

அப்போது எனக்கு அது பொய்யாகவே படவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வளையம் இல்லாமல் செய்துவிட்டால் நான் சொன்னது உண்மையாகிவிடும் என்று மனசு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. நாலு மேஜையும் நாலு லைட்டும் கண் முன்னால் வரிசையாக நின்றன. நான் ஒன்றை நினைத்துவிட்டால் ஒற்றைக்காலில் நிற்பவள். அடுத்த நாளே பஸ் ஏறி அவிநாசிக்குப் போனேன்.

அங்கே ஒரு ஆசாரி இருந்தார். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வளையம் நல்லாத்தானுங்களே இருக்குது அம்மணி? எதுக்கு எடுக்கோணும்?” என்றார். எடுக்க வேண்டும் என்றேன். வெட்டி எடுத்தார். அந்த இடத்தை அரத்தால் ராவி என் கையில் கொடுத்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன்.

காசின் ஓரத்தில் சுற்றிலும் சீப்புப் பல் போல நுணுக்கமான கோடுகள் இருக்கும். வளையம் இருந்த இடத்தில் மட்டும், ஒரு அரிசி நீளத்துக்கு, மொழுக்கென்று இருந்தது. உள்ளே வந்து, “தெரியுதுங்க” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். சின்ன அரம் எடுத்து, அந்த அரிசி நீளத்துக்கும் புதிதாகக் கோடு போட்டார். திரும்பவும் வாசலுக்குப் போனேன். கோடு சரியாகிவிட்டது. ஆனால் வளையம் இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் தங்கம் புதுசாக மின்னியது. மற்ற இடமெல்லாம் கொஞ்சம் மங்கலாக, செம்மஞ்சளாக இருந்தது. பனியன் துணியில் இதை ஷேட் வேரியேஷன் என்போம். உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று வந்தால் மொத்த லாட்டும் ரிட்டர்ன்தான். எவ்வளவோ லாட்டை நான் அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

“ஷேடு மாறுதுங்க. மொத்தத்தையும் ஒரே ஷேடுக்குக் கொண்டாங்க” என்றேன்.

“அது பழசோட நெறமுங்க அம்மணி. அத ஏனுங்க எடுக்கோணும்?”

“ஒரே மாதிரி இருக்கோணுமுங்க.”

“இதுக்கு மேல தேச்சா ராஜாவோட காது போயிருமுங்க” என்று சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. காசு முழுவதுக்கும் பாலிஷ் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நானும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினேன். காசு நேற்று அடித்தது போலப் பளபளத்தது. இருபத்தாறு வருட அனுபவத்தோடு என் கண்ணால் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. எனக்கே பாஸாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நல்ல கூட்டம். கல்யாணச் சாப்பாட்டுக்குப் போடும் மேஜைகளில் காசுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். என்னோடு போனில் பேசியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர். கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருந்தார். காசைக் கொடுத்தேன். அவர் லென்ஸைத் தொடவே இல்லை. இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, பெருவிரல் நகத்தைச் சுற்றிலும் ஓட்டினார். ஒரு இடத்தில் நகம் நின்றது.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். தையலுக்குள் முடிச்சு இருந்தால் என் விரலும் அப்படித்தான் நிற்கும்.

“வளையம் இருந்திருக்குதுங்க” என்றார். “எடுத்துப்போட்டுக் கோடு போட்டிருக்காங்க. நல்லாத்தான் போட்டிருக்காங்க. ஆனா இது கையில போட்ட கோடுங்க, எடைவெளி மாறுது.” பிறகுதான் லென்ஸை வைத்துப் பார்த்தார். பார்த்ததும் முகம் சுளித்தார். “ஐயய்யோ, பாலிஷ் வேறயா? காசுக்கு ஒரு தோலு இருக்குதுங்க அம்மணி. அடிச்ச அன்னைக்கு வந்த தோலு. பாலிஷ் போட்டா அது போயிரும். போனா வராதுங்க.”

“அப்ப வெல?”

“தங்கத்தோட வெலதானுங்க. அதையும் நகைக்கடையில பாத்துக்குங்க.”

“வளையத்தோட வந்திருந்தா?” என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

“வளையத்தோட வந்திருந்தா முழு வெல கெடைக்காதுங்க. ஒரு தடவ பத்த வெச்சாலே காசு பாதி நகையாயிருது. ஆனா இந்த எழுத்துக்குத் தங்கத்துக்கு மேல கொஞ்சம் குடுத்து வாங்க ஆளிருக்குதுங்க. வளையம் இருக்குதுன்னு தெரிஞ்சே வாங்குவாங்க. மறைச்ச காசை யாரும் தொட மாட்டாங்க. இதயே மறைச்சவங்க இன்னும் என்னென்ன மறைச்சாங்களோன்னு வந்துருமுங்களே.” காசை என் உள்ளங்கையில் வைத்தவர், “போட்டோவுல பெருவிரல் இருந்துச்சுங்க. அப்பவே நெனச்சனுங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது.

மண்டபத்துப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. ஏமாந்ததைவிட, கண்டுபிடிக்கப்பட்டதைவிட, வேறு ஒன்றுதான் அதிகமாகக் குத்தியது. வெள்ளை டீசர்ட்டுக்கு ஊசி போட்டு மூடியவரோடு சண்டை போட்டு வேலையை விட்டவள், மூன்றே வாரத்தில் அதையே தங்கத்தில் செய்து வைத்திருக்கிறேன். ஆசாரி வேண்டாம் என்றார். தெரியுது, மாறுது என்று இரண்டு தடவை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தது நான்தான். என் கண் மட்டும் கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால் காசு பாதியாவது பிழைத்திருக்கும். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. முந்தானையில் காசைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

“யக்கா, அதக் கொடுக்கதுக்கா வச்சிருக்கீக?”

நிமிர்ந்தால், ஒருவன் படியில் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு. திருப்பூரில் ஒரு கம்பெனியில் டெய்லர் என்றான். கையில் ஒரு ஆல்பம் வைத்திருந்தான். ஓவர்டைம் பார்த்து ஒவ்வொரு காசாகச் சேர்க்கிறானாம். வெள்ளி, செம்பு எல்லாம் இருக்கின்றன. பவுன் காசுக்கென்று முன்பக்கத்தில் ஒரு இடம் காலியாக விட்டு வைத்திருந்தான். அதற்குள் அந்த எழுத்து உள்ள காசைத்தான் வைப்பது என்று சபதமாம். காசை வாங்கிக் குதிரைப் பக்கத்தைத் திருப்பியதும் அவன் முகம் மாறியது.

“எழுத்து இருக்குக்கா! இம்புட்டுப் பளபளன்னு நான் பாத்ததே இல்ல. வேற யார்ட்டயும் கொடுத்துறாதீக.” அவனாகவே ஒரு விலை சொன்னான். நான்கு மேஜைக்கும் ஆகி, மேலே இரண்டு ஃபேனும் வாங்கலாம். “ரெண்டு வருசமாச் சேத்தது. கொண்டாந்திருக்கேன்” என்று சட்டைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

உண்மையைச் சொல்கிறேன், உடனே வாயைத் திறக்கவில்லை. உள்ளே இருப்பவர் நகத்தை ஓட்டிக் கண்டுபிடித்தார். இவனுக்கு அந்த நகம் இல்லை. இவன் பளபளப்பைப் பார்த்துத்தான் சொக்கிப் போயிருக்கிறான். நான் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். ஷெட்டுக்காரருக்கு வார்த்தை கொடுத்திருக்கிறேன். நான்கு பெண்களும் வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவன் ஏமாந்து போவான் என்பது மட்டும்தான் பாக்கி. ஒரு நாள் அவன் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அந்த ஒல்லி மனிதர் போல ஒருவரிடம் போவான். நகம் நிற்கும்.

“பையருக்குத் தெரியாதுங்கம்மா” என்று மேனேஜர் சொன்னது அப்படியே காதில் கேட்டது.

“ஒரு நிமிசம் குடுங்க” என்று காசை வாங்கினேன். பையைத் துழாவினேன். அடியில் அந்தப் பாதி தீர்ந்த அட்டை கிடந்தது. ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்து, ராஜாவின் நெற்றிக்கு மேல், முனை ஓரத்தைப் பார்க்கும்படி ஒட்டி, அவன் கையில் கொடுத்தேன்.

வேறு யாராக இருந்தாலும் இது என்ன என்று கேட்டிருப்பார்கள். அவன் கேட்கவில்லை. அவன் டெய்லர். அந்த ஸ்டிக்கரோடு எத்தனை பீஸ் அவன் மெஷினுக்குத் திரும்பி வந்திருக்கும்! முகம் சுருங்கியது. பழக்கத்தில் கண் அம்பு காட்டிய இடத்துக்கு நேராகப் போனது. வெயிலில் சாய்த்துப் பார்த்தான். நகத்தால் தடவினான்.

“வளையம் இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க. நாந்தான் எடுக்கச் சொன்னேன். பாலிஷும் போட்டிருக்குது. தங்க வெலைக்கு மேல ஒரு பைசா பெறாதுங்க.”

காசைத் திருப்பி எழுத்தை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான். ஆல்பத்தின் காலி இடத்தை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடினான். எழுந்து இரண்டு படி இறங்கியவன் திரும்பினான்.

“எனக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா. ஏன் சொன்னீக?”

“நான் செக்கிங்குங்க” என்றேன்.

அவன் சிரித்தான். எல்லா டெய்லரும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். சிரித்தவன் அவன் ஒருவன்தான்.

திங்கட்கிழமை காசை நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். தராசில் வைப்பதற்கு முன் அங்கிருந்தவர் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துச் சுண்டிவிடப் போனார். “அதக் குடுங்க” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். புறங்கையில் ஒட்டிக்கொண்டேன். காசு தட்டில் இருந்த உடைந்த தோடு, அறுந்த சங்கிலிகளோடு போய்ச் சேர்ந்தது. அப்பா ஞாபகம் வந்து கண் கலங்கியது. நிற்கட்டும் என்று நகையாக்கிக் கொடுத்தவர் அவர்.

சொன்ன தேதிக்கே ஆரம்பித்துவிட்டோம். இரண்டு மேஜை, இரண்டு லைட். காலையில் இரண்டு பேர், மதியத்துக்கு மேல் இரண்டு பேர். எனக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய மேஜை. மற்ற இரண்டு மேஜை இந்த ஷெட்டுக்கு வரும். அதற்காக யார் முன்னாலும் போய் நிற்கமாட்டேன். ஊசி போட்டு மூடிய பீஸ் எங்களிடம் வந்தால் ஸ்டிக்கரோடுதான் திரும்பிப் போகும். முதல் வாரமே ஒரு கம்பெனிக்காரர் கோபித்துக்கொண்டு லாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

காசில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் என் மேஜையின் விளிம்பில் இருக்கிறது. அதன் முனை நான் உட்காரும் பக்கம் பார்க்கிறது.